பிளசர் அண்ணாச்சியின் இடது கால்

ஒரு காலத்தில் அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வந்த எந்தக் காரும் பிளசர் அண்ணாச்சி கை வைக்காமல் ஓடியதில்லை. புது வண்டிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தால், அதை நசுக்கி முதலில் ஓட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரர். கூலி கிடையாது, வெற்றிலை பாக்கோடு ஒரு வேட்டி துண்டு, அவ்வளவுதான்.

அவருடைய சொந்தக் கார், பழைய ஆட்கள் பேச்சில் ‘பிளசர்’, என்னைவிட மூத்தது. பந்தல்குடிக்குப் போய்வர இரண்டு குடம் தண்ணீர் குடிக்கும். வாரம் ஒருமுறை குழாய் வரும் ஊரில் இதற்காக அவர் வீட்டில் நடந்த சண்டைகளை எழுத இந்தப் பத்திரிகை போதாது. ஆனால் குறையெல்லாம் புதுக் கார்களுக்குத்தான். கதவைச் சாத்தினால் சத்தமே வரவில்லை, விருந்தாளி வந்தது வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும் என்பார். பெல்ட் போடாவிட்டால் கத்துகிறதே, காசு கொடுத்து மாமியாரையா வாங்கினாய் என்பார்.

நான்கு வருடத்துக்கு முன் நான் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். அண்ணாச்சி குளித்து, விபூதி பூசி, சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். இதில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“ஏப்பா, நீ பொறக்கதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்சவன் நான்” என்றார்.

பழங்கள் நசுங்கின. அதோடு இறக்கிவிட்டிருக்கலாம். தெருமுனையில் கியர் மாற்ற நினைத்து, இல்லாத கிளட்சை இடது கால் ஓங்கி மிதித்தது. மிதிபட்டது பிரேக். வண்டி குலுங்கி நிற்க, மாலை அறுந்து சாக்கடையில் விழுந்தது. தெருவே சிரித்தது. என் மச்சான் அதைச் செல்போனில் பிடித்து அன்றைக்கே ஊர் முழுக்க அனுப்பினான். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு, இன்றும் நினைத்தால் வாய் கசக்கிறது. மாலை அறுந்ததால் அண்ணாச்சியின் ராசி போய்விட்டது என்று அன்றே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

அன்றைய கூத்தில் வேட்டி துண்டு கொடுக்க மறந்திருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோனேன். வாசலில் நின்ற தன் பழைய காருக்குள் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் ஓடவில்லை. இடது காலை மடக்கித் துண்டால் கட்டிவைத்து, வலது காலால் மட்டும் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தார்.

“பழகிட்டேன்ப்பா. அடுத்து யாரு வண்டி வாங்குனாலும் என்னயக் கூப்பிடச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். மறு மாதமே எதிர்வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. பழம் நசுக்கப் பந்தல்குடியிலிருந்து வேறு ஆள் வந்தான். அண்ணாச்சி சலவை வேட்டியோடு தன் வாசலில் நின்றதைப் பார்த்தேன். அவரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். அதுவரை யாரும் கூப்பிடவில்லை.

என் வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. நன்றாக ஓட்டுகிறாய் என்கிறார்கள். நான் என்னத்தை ஓட்டினேன்? அது அண்ணாச்சி கை வைத்த வண்டி.