ஜாக்கிரதை சார் வீட்டில் ஈரத்தரை

குளியலறைக் கதவு திறக்கவில்லை. அப்பா உள்ளே, மகன் வெளியே. நடுவில், அன்று காலைதான் வாங்கிப் போட்ட ரப்பர் விரிப்பு மடங்கிப்போய்க் கதவடியில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, பதறாதீங்க."

"நான் எங்கடா பதறுறேன்? துண்டக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கிறேன். உன் குரல்தான் நடுங்குது."

மகனை எல்லோரும் ஜாக்கிரதை சார் என்றுதான் அழைப்பார்கள். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். எதிரில் வருபவரிடமெல்லாம் 'ஜாக்கிரதை' என்று சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயரைத் தொலைத்துவிட்டார். அறுபது முடிந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும், ஒரு தொழிற்சாலைக்கே போதுமான அக்கறை மொத்தமும் ஒரே ஒரு அப்பாவின் தலையில் விழுந்தது.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு. காலமெல்லாம் பஸ் கண்டக்டர். எந்தக் கம்பியையும் பிடிக்காமல் ஓடுகிற பஸ்ஸில் சில்லறை கொடுத்த கால்கள்.

போன வாரம் அந்தக் கால்கள்தான் சோப்பை மிதித்துவிட்டன. விழவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டார். குழாய்தான் கையோடு வந்துவிட்டது. அதைப் போனில் மகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மறுநாள் தங்கையிடமிருந்து அண்ணனுக்குப் போன்.

"அப்பா எல்லாம் சொன்னாருண்ணா. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன். நேர்ல பேசிக்கலாம்."

ஜாக்கிரதை சார் போனை வைத்ததும் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தேடினார். அப்பா ஒரு தடவை விழுந்தாலும் கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே மனிதக் குரல் அப்பாவுடையது. அதுவும் போய்விட்டால், காலையில் எழுந்து யாரிடம் ஜாக்கிரதை என்று சொல்வார்? ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த வீட்டில் ஈ விழுந்தாலும் அடிபடாது என்று தங்கைக்கு நிரூபித்தாக வேண்டும். அந்த நிரூபணத்தின் முதல் பாகம்தான் ரப்பர் விரிப்பு.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்காடா?" என்றார் அப்பா உள்ளிருந்து. "கீல் என் பக்கம்தான் இருக்கு."

நாற்காலி மேல் ஏறி, கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாகக் கொடுத்தார் மகன். எண்பத்து நான்கு வயதுக்காரர் இடுப்புத் துண்டோடு கதவைக் கழற்றினார். அறுபது வயதுக்காரர் வெளியே நின்று, "ஜாக்கிரதைப்பா, ஜாக்கிரதை" என்று உதவினார்.

கழற்றிய கதவு திரும்பிப் பொருந்தவில்லை. அந்த இடத்தில் மகன் ஒரு திரை தொங்கவிட்டார். திரை இருந்தால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு விழலாம் என்று அன்று மாலையே தோன்றிவிட்டது. பிடித்துப் பார்த்தார். திரை, கம்பி, கொஞ்சம் சுவர்ப்பூச்சு எல்லாம் சேர்ந்து அவர் தலையில் விழுந்தன.

"அடிபட்டுச்சாடா?"

"இல்லப்பா. நல்லவேளை, நீங்க பிடிக்கல."

"நான் ஏன்டா திரையப் பிடிக்கப் போறேன்?" என்ற அப்பா, மகனின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "சரியாத் தூங்குறியா? கண்ணு செவந்திருக்கு. மாத்திர போட்டியா?"

பிரஷர் மாத்திரை போடுவது மகன்தான். அப்பாவுக்கு மாத்திரையே கிடையாது. யாருக்கு மாத்திரை என்பதே அவருக்கு மறந்துபோகிறதோ என்று ஜாக்கிரதை சாருக்குச் சுருக்கென்றது.

இரவு அப்பாவின் கட்டிலுக்கடியில் பெருக்கியபோது சந்தேகம் உறுதியானது. அங்கே ஒரு பெட்டி, கட்டித் தயாராக இருந்தது. திறந்தால் உள்ளே மகனுடைய சட்டைகள், மகனுடைய மூக்குக் கண்ணாடி, மகனுடைய மாத்திரை டப்பா. போகிற அவசரத்தில் மனிதருக்குத் தன் சட்டை எது, பிள்ளை சட்டை எது என்று கூடத் தெரியவில்லை. பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தங்கை கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

மறுநாள் பார்த்தால் அதே சட்டைகள் மறுபடியும் பெட்டிக்குள், முன்னைவிட அழகாக மடிக்கப்பட்டு. நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்தார்.

இனித் திரையை நம்பிப் பயனில்லை. சுவரில் கைப்பிடி வேண்டும். துளை போடும் மெஷினை இரவல் வாங்கிவந்து, கண்ணாடி, கையுறை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, தொழிற்சாலை விதிகள் ஒன்றுவிடாமல் பின்பற்றி, நேராகத் தண்ணீர்க் குழாயைத் துளைத்தார்.

தண்ணீர் கூடம் வரைக்கும் பாய்ந்தது. பிளம்பர் வந்து மெயின் வால்வை மூடினார்.

"சார், பைப் எந்தப் பக்கமாப் போகுதுன்னு பார்க்கலையா?"

"எல்லாப் பாதுகாப்பும் பார்த்துத்தான் செஞ்சேன்."

"பாதுகாப்பெல்லாம் உங்களுக்குப் பண்ணிக்கிட்டீங்க சார். பைப்புக்கு யாரு பண்றது?" என்றார் பிளம்பர். உதிரிப் பாகம் கிடைக்கத் திங்கட்கிழமை ஆகுமாம்.

அதுவரை கீழ்த்தளத்துக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அப்பா ஒரு வாளியைத் தூக்கினார். மகன் பிடுங்கிக்கொண்டார். அத்தனை வாளியையும் தானே சுமந்ததில் ஜாக்கிரதை சாரின் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"ஒரு பக்கமாவே நடக்குறியேடா."

"எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன். நீங்க எழுந்திருக்காதீங்க. ஏதாவது வேணும்னா மணி அடிங்க."

"மணி எதுக்கு? என்கிட்டதான் விசில் இருக்கே."

இருந்தது. கண்டக்டர் விசில், தலையணைக்கடியில்.

ஞாயிறு காலையிலும் கூடத்தில் ஈரம் காயவில்லை. தொழிற்சாலையில் தரை ஈரமானால் மரத்தூள் தூவுவார்கள். ஒரு மூட்டை மரத்தூள் வாங்கிவந்து கூடம் முழுக்கத் தூவினார். வீடு ஒரு சர்க்கஸ் கூடாரம் போல ஆயிற்று. அப்பா கட்டிலில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே இருந்தார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. 'ஈரத்தரை, கவனம்' என்று எழுதிய பலகை. அதை உயரத்தில் மாட்டுவதற்கு ஸ்டூல் போட்டு ஏறினார். மரத்தூள் மேல் நின்ற ஸ்டூல் மெதுவாக நகர்ந்தது. பலகை கையில் இருக்க, ஜாக்கிரதை சார் கீழே வந்துசேர்ந்தார்.

உள்ளேயிருந்து ஒரு விசில் கேட்டது. கண்டக்டர் பாஷையில் ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து.

அப்பா மரத்தூளைத் தாண்டி விறுவிறுவென்று வந்தார். எதையும் பிடிக்கவில்லை. மகனின் காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார். துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். தோள்கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, டீ போட்டுக் கையில் கொடுத்தார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"வலிக்கல" என்ற மகனுக்குக் கண் நிறைந்தது. "அப்பா, அவ கேட்டா நான் விழுந்தேன்னு சொல்லிடாதீங்க. தன்னையே பார்த்துக்கத் தெரியாதவன் உங்களை எப்படிப் பார்த்துப்பான்னு நினைச்சுடுவா."

அப்பா மகனின் தலையிலிருந்த மரத்தூளை ஊதி ஊதித் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழே வாசலில் கார் நின்றது. தங்கை டிரைவரோடு உள்ளே வந்தாள். கதவில்லாத குளியலறை, ஓட்டை விழுந்த சுவர், மரத்தூள், கட்டுப் போட்ட அண்ணன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொன்னது சரிதான்" என்றாள்.

அவ்வளவுதான், ஜாக்கிரதை சார் உடைந்துவிட்டார். "ஒரு வாய்ப்புக் கொடும்மா. நாளைக்குத் தண்ணி வந்துடும். கதவையும் மாட்டிடுவேன். அவரை என்கிட்டேர்ந்து பிரிக்காதே. அவர் இல்லாம நான் எப்படி இந்த வீட்ல இருப்பேன்?"

தங்கை அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெட்டியை எடுத்துவரச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார். டிரைவர் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஜாக்கிரதை சாரின் தோளை மெல்லத் தாங்கியபடி அப்பாவிடம் கேட்டார்:

"ஏன் பெரியவரே, நேத்து நான் வழி கேட்டு போன் பண்ணப்ப, 'வயசான பிள்ளை, எனக்காகப் பயந்தே தூக்கமில்லாம இளைச்சுப்போறான், ஒரு மாசம் தங்கச்சி வீட்ல தேத்தி அனுப்பணும், பார்த்து ஓட்டு'ன்னு சொன்னீங்களே, அது இவருதானே?"