குணரத்தினம் மாமாவின் நீல ஜாக்கெட்

சாம்பவிக்கும் நிதுசனுக்கும் ஒக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இருபத்தெட்டுப் பேர் முன்னிலையில், ஐந்து நிறங்களில் திருமணம் நடைபெறும் என்று பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டது. பெரியோர் என்றால் வேறு ஆருமில்லை, பெண்ணின் தமக்கை மேனுகாதான். கலியாண நாளை ஐயர் குறித்தார். நிறத்தை மேனுகா குறித்தாள். நாளை வேண்டுமானால் ஒரு கிழமை முன்பின் தள்ளலாம் என்று ஐயர் இறங்கி வந்தார். நிறத்தில் அந்தச் சலுகை இருக்கவில்லை.

துரு, கடுகு, கறுவா, காய்ந்த மேப்பிள், மங்கிய தந்தம். இவைதான் அந்த ஐந்து. ஐந்து துணித் துண்டு ஒட்டிய அட்டை வீடு வீடாகத் தபாலில் போனது. அட்டையின் அடியில், "மேற்படி நிறங்களுக்கு அமைவாக ஆடை அணிந்து விழாவைச் சிறப்பிக்குமாறும், அமையாதோர் படச் சட்டகத்துக்கு வெளியே அமருமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று அச்சிட்டிருந்தது.

படம் எடுக்கிற பொறுப்பு சாரங்கனுக்கு. கிழமை நாட்களில் அவன் சென்ட் லோரன்டில் மாத்திரைப் பெட்டி அடுக்குகிறவன், சனி ஞாயிறில் கமெரா தூக்குகிறவன். மாப்பிள்ளை நிதுசன் அதே வரிசையில் பக்கத்தில் நின்று அடுக்குகிறவன். மூன்று வருசம் இரண்டு பேரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். சாரங்கனுக்குக் குரல் சின்னது. மெசின் சத்தத்துக்குள் அவன் என்ன சொல்கிறான் என்று விளங்குகிற ஒரே மனிதன் நிதுசன்தான்.

அந்த நிதுசனுக்காகத்தான் இந்தப் படங்கள் சரியாக வரவேண்டியிருந்தது. அவனுடைய வேலை அனுமதி மார்ச் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் சாம்பவி, "இவர் என் கணவர், என்னோடு இருக்க விடுங்கள்" என்று விண்ணப்பித்து, குடிவரவு அலுவலகம் அதை நம்பவேண்டும். நம்பாவிட்டால் அவன் மட்டக்களப்புக்கு விமானம் ஏறவேண்டியதுதான். நம்புவதற்கு அலுவலகம் கலியாணப் படம் கேட்கும்.

விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் நடராசா அண்ணை. தெருமுனை டெப்பனர் கடையில் லொத்தர்ச் சீட்டு மெசினுக்குப் பக்கத்துக் கதிரைதான் அவருடைய கந்தோர்.

"இருபது படம்," என்றார் அவர். "இருபத்தொண்டு போனால் கோப்பு திரும்பி வரும். பத்தொன்பது போனால் மற்றதை ஏன் ஒளிச்சனீங்கள் எண்டு கேப்பாங்கள். மாப்பிள்ளை, பொம்பிளை, சனம். மூண்டும் தெரியவேணும், அவ்வளவுதான்."

"சொந்தக் கலியாணத்தில தெரியாமல் நான் எங்கையண்ணை போகப்போறன்?" என்று நிதுசன் சிரித்தான். நடராசா அண்ணை சிரிக்கவில்லை. அவர் பல கோப்புக் கண்டவர்.

கலியாணம், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தாய்மாமன் குணரத்தினத்தின் வீட்டுப் பின்வளவில். சாம்பவிக்குத் தகப்பன் உயிரோடு இல்லை. ஆகவே மாமாவும் யோகராணி மாமியும்தான் தாரை வார்த்துக் கொடுப்பது. வளவில் மூன்று பெரிய மேப்பிள் மரம். மூன்று கிழமையாக ஓரிலையும் கூட்டக்கூடாது என்பது மேனுகாவின் உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து, தன்னுடைய இலைவாரி இரவல் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

கலியாணத்தன்று காலை சாரங்கன் கமெராவுக்குள்ளால் பார்த்தான். மரத்தில் துரு, கடுகு, கறுவா. நிலத்தில் துரு, கடுகு, கறுவா. கதிரைகளில் இருபத்தெட்டுப் பேரும் துரு, கடுகு, கறுவா. துரு நிறச் சேர்வாணியும் துரு நிறத் தலைப்பாகையுமாக நிதுசன் நடந்து வந்து மணவறையில் ஏறினான். ஏறும்வரை தெரிந்தான்.

"மேனுகா அக்கா, ஆக்கள் இலைக்குள்ள போகினம்."

"எங்க போகினம்?"

"படத்தில தெரியினமில்லை எண்டு சொல்லுறன்."

"அதுதான், சாரங்கன், வேணும். இயற்கையோட ஒன்றிப்போறது எண்டு அதைத்தான் சொல்லுறது."

"மாப்பிள்ளையுமோ?"

"மாப்பிள்ளைக்கெண்டு வேற இயற்கை இருக்கோ?"

சாரங்கன் இன்னொரு தரமும் சொன்னான். ஒலிபெருக்கியில் மேளம் தொடங்கியிருந்தது. மூன்றாம் தரம் சொல்ல அவனுக்குக் கூச்சமாயிருந்தது.

மணப்பெண் வந்தாள். கூறைச் சேலை மங்கிய தந்த நிறம். யோகராணி மாமி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"கூறை எண்டால் சிவப்பெல்லோ பிள்ளை. இதென்ன, காயத்துக்குச் சுத்தின மாதிரி."

"மாமி, சிவப்பு அட்டையில இல்லை," என்றாள் மேனுகா. அதற்குமேல் முறையீடு இல்லை.

கடைசியாக மாமா வந்தார். அட்டைக்கு அமைவான துரு நிறச் சூட்தான். ஆனால் நான்கு பாகைக் குளிர். சூட்டுக்கு மேலே அவருடைய நீல ஜாக்கெட். சாதாரண நீலமில்லை. பனி தள்ளுகிற வண்டிக்காரனுக்கு மூன்று தெரு தள்ளியே ஆள் நிற்கிறது தெரியவேண்டும் என்று நெய்த நீலம்.

"மாமா, ஜாக்கெட்டைக் கழட்டுங்கோ," என்றாள் மேனுகா.

"கழட்டலாம் பிள்ளை. பேந்து ஐயரை இருத்தி எனக்கும் சேர்த்து மந்திரம் சொல்லுவிக்கவேண்டி வரும்."

"நல்ல நாளில கதைக்கிற கதையைப் பார்," என்றாள் மாமி.

"அப்ப சட்டகத்துக்கு வெளியில நில்லுங்கோ, மாமா."

"தாரை வாக்கிறவன் வெளியில நிண்டால் பொம்பிளையை ஆர் குடுக்கிறது? உன்ரை கமெராக்காரனோ?"

சாத்திரத்துக்கும் நிறத்துக்கும் நடந்த இந்தப் போட்டியில் சாத்திரம் மயிரிழையில் வென்றது. மாமா தொடக்கம் முதல் முடிவுவரை மணப்பெண்ணின் பக்கத்தில் நீலமாக நின்றார்.

இருபது படத்தையும் மேனுகாவே தேர்ந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கணினியில் ஓர் இளம் பழுப்புப் பூசி, அதையே முகநூலிலும் போட்டாள். முந்நூறு பேர் இதயம் அனுப்பினார்கள். "இலையள் என்ன வடிவு" என்று எழுதாதவர்கள் இல்லை. மாப்பிள்ளை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது அலுவலகம். தை மாதம் கடிதம் வந்தது. டெப்பனரில் எல்லாரும் கூடி நிற்க, நடராசா அண்ணை பிரெஞ்சில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தார்.

"தாங்கள் சமர்ப்பித்த இருபது படங்களும் மூன்று உத்தியோகத்தர்களால் தனித்தனியே பரிசீலிக்கப்பட்டன. விருந்தினர் எனத் தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் உதிர்ந்த இலைகள் காணப்படுகின்றன. மணமகன் எனத் தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் உதிராத இலைகள் காணப்படுகின்றன. மணமகளுக்கு அருகே தெளிவாகத் தென்படும் ஒரே ஆண், நீல மேலங்கி அணிந்த, ஏறத்தாழ அறுபது வயது மதிக்கத்தக்கவர். மணமகளுக்கும் இவருக்கும் உள்ள உறவு யாது என்பதையும், இவர் ஏற்கெனவே திருமணமானவரா என்பதையும் முப்பது நாட்களுக்குள் விளக்கவும்."

யோகராணி மாமி முன்னுக்கு வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்த மனிசன் ஆர் எண்டு நானும் முப்பத்தெட்டு வருசமாத் தேடுறன்," என்றாள். "முப்பது நாளில கண்டுபிடிச்சால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கோ."

"அறுபது எண்டோ போட்டிருக்கிறாங்கள்?" என்றார் மாமா. அவருக்கு எழுபத்தொன்று. அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

சாரங்கன் மெதுவாக, "பழுப்புப் பூசாத படம் என்னட்டை இருக்கு, அதை அனுப்புவம்," என்றான்.

"அனுப்பலாம்," என்றார் நடராசா அண்ணை. "அப்ப முதல் அனுப்பினது பொய்யோ எண்டு கேப்பாங்கள். அனுப்பின படத்துக்கு விளக்கந்தான் குடுக்கலாம் தம்பி, வேற படம் குடுக்கேலாது."

ஆகவே குணரத்தினம் மாமா ஒரு சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டார். "நான் மணமகன் அல்லேன். மணமகனாக இருக்க எக்காலத்திலும் முயன்றதில்லை. குளிர் காரணமாக மட்டுமே நீலமாக இருந்தேன்."

பெப்ரவரியில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் ஓர் அம்மையார். "பொன்ஜூர்" என்று இனிமையாகச் சொல்லி, ஏழாம் படத்தைப் பெரிதாக்கி நிதுசனுக்கு முன்னால் விரித்தார். சாட்சியாகப் போன சாரங்கன் பின்கதிரையில்.

"இதில் நீங்கள் எங்கே?"

நிதுசன் விரல் வைத்தான். "இது நான்."

"அது கிளை."

"கிளைக்குப் பக்கத்தில, இந்தா, மூக்கு."

அம்மையார் தன் குறிப்பைப் பார்த்தார். "அதை நாங்கள் அணில் என்று பதிந்திருக்கிறோம்."

"மேடம், நான் உங்களுக்கு முன்னாலதானே இருக்கிறன்."

"அதில் சந்தேகமில்லை. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே இருந்தீர்களா என்பதே கேள்வி."

அவர் கெட்டவர் அல்ல. யோசித்து ஒரு வழி சொன்னார். அதே இடத்தில், அதே உடுப்போடு, மணமக்களை ஒரு படம் எடுத்து அனுப்பலாம். மணமகன் தென்பட்டால் கோப்பு நகரும்.

எடுக்கப் போனபோது அதே இடம் வெள்ளையாகிக் கிடந்தது. முழங்கால் அளவு பனி, மேலே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. துரு நிறச் சேர்வாணியில் நிதுசன், பற்றவைத்த நெருப்புக்குச்சி மாதிரித் தெரிந்தான். அவனுக்குப் பக்கத்தில் மங்கிய தந்த நிறத்தில் சாம்பவி.

"அக்கா," என்றான் சாரங்கன், "இப்ப பொம்பிளை பனிக்குள்ள போறா."

"மாப்பிள்ளையைத்தானே கேட்டவை. அவள் முதலே தெரிஞ்சவள்தானே," என்றாள் மேனுகா.

நியாயமான பேச்சாக இருந்தபடியால் சாரங்கன் எடுத்தான்.

மறுமொழி மார்ச் பதினைந்தில் வந்தது. "மணமகன் தற்போது தெளிவாகத் தென்படுவதில் மகிழ்ச்சி அடைகிறோம். அவர் தனியே நிற்பதற்கான காரணத்தை விளக்கவும்."

இன்னும் பதினாறு நாள். நிதுசன் அறையில் பயணப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றும் அடுக்காமல் இருந்தான். பெட்டி அடுக்குவதே தொழிலான ஒருவன் அப்படி இருந்ததைப் பார்க்க சாரங்கனுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே எல்லாரையும் திரும்ப மாமா வீட்டுப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

வளவில் பனி உருகவில்லை. இந்த நிலத்துக்குப் பொருந்தக்கூடிய நிறம் எது என்று மேனுகா அட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றாள். இதுவரை ஒன்றும் சொல்லாமலிருந்த சாம்பவி நேராக மாமாவிடம் போனாள். அவருடைய ஜாக்கெட்டைக் கழற்றினாள். அதன் ஒரு கைக்குள் தன் கையை நுழைத்து, மற்றதற்குள் நிதுசனின் கையை நுழைத்து, நடுவில் பொத்தானைப் பூட்டினாள்.

"சாரங்கன் அண்ணை, எடுங்கோ."

"அந்த நீலம் அட்டையில..." என்று மேனுகா தொடங்கினாள்.

"மனிசனைத் திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் நான் உன்ரை அட்டையோடையோ அக்கா குடும்பம் நடத்திறது?"

மேனுகா ஓடிப்போய் ஜாக்கெட்டின் பொத்தானில் கைவைத்தாள். அப்போதுதான் சாரங்கன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"மேனுகா அக்கா, சட்டகத்துக்கு வெளியில நில்லுங்கோ."

அவள் நின்றாள். அவன் எடுத்தான். மாமா சூட்டோடு நடுங்கிக்கொண்டு, கெதியா எடு தம்பி என்றார்.

மார்ச் இருபத்தொன்பதாம் திகதி அனுமதி வந்தது. "மணமகன், மணமகள், மேலங்கி ஆகிய மூவரும் தெளிவாகத் தென்படுகின்றனர்" என்று எழுதியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் மரியாதையாயிருந்திருக்கும். ஆனால் நீலத்தால்தான் அலுவலகம் இரங்கியது என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவியது. பரப்பியதில் மேனுகாவுக்கும் பங்குண்டு. அடுத்த இலையுதிர் காலத்தில் மேனுகாவின் புதிய அட்டை வந்தது. ஆற்று நீலம், வான நீலம், மயில்கழுத்து நீலம், மை நீலம், மாமா நீலம்.

கௌசலா என்ற பிள்ளையின் சின்னக் கலியாணம், புரோசார்டில், ஆற்றங்கரையில். அந்த மாப்பிள்ளைக்கும் கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே முப்பது பேரும் நீலம். ஐயரின் சால்வை நீலம். விருந்தாளியாக வந்த நிதுசனும் சாம்பவியும் நீலம். சாரங்கனும் நீலம். பின்னால் ஆறு, மேலே முகிலில்லாத வானம்.

சாரங்கன் கமெராவுக்குள்ளால் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"மச்சான், சொல்லன்," என்றான் பக்கத்தில் நின்ற நிதுசன்.

"நீ சொல்லன். நீ பட்டவன்தானே."

"எனக்கேன் மச்சான் வீண்வேலை. படம் வடிவா வருது."

அந்த நேரம் பார்த்து குணரத்தினம் மாமா வந்தார். ராசியான மனிதர் என்று அவரை இப்போது எல்லாக் கலியாணத்திலும் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பாட்டுகிறார்கள். அவர் போட்டிருந்தது போன வருசத்துத் துரு நிறச் சூட்.

"மாமா, அட்டையைப் பாக்கேல்லையோ? உங்கடை ஜாக்கெட் எங்க?" என்றாள் மேனுகா.

"பாத்தனான் பிள்ளை. ஜாக்கெட்டை மாப்பிள்ளை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்."

"மாப்பிள்ளை எங்க?"

மாமா ஆற்றைக் காட்டினார்.

மேனுகா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒன்றிப்போயிருக்கிறார்," என்றாள் திருப்தியோடு. மாமா கௌசலாவுக்குப் பக்கத்தில் துருவாகப் போய் நின்றார். சாரங்கன் எடுக்கத் தொடங்கினான்.

மூன்றாவது வரிசையில் நீலச் சட்டையோடு இருந்த நடராசா அண்ணை சத்தமில்லாமல் எழும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து மாமாவின் பழைய சத்தியக் கடதாசியின் பிரதியை எடுத்து, 'நீலமாக' என்ற சொல்லை வெட்டி, மேலே 'துருவாக' என்று எழுதி, பேனையோடு சேர்த்து மாமாவிடம் நீட்டினார்.

"வந்த கையோட ஒரு ஒப்பத்தைப் போட்டுவிடுங்கோ அண்ணை. தை மாதம் தேவைப்படும்."