காற்றைக் கத்தரித்த தையற்காரன் காதை

வாழ்க! ஊசியும் நூல்கண்டும் ஏவல் கேட்டு நிற்க, அளவுநாடா மார்பில் வெற்றிமாலையெனப் புரள, காலர்களும் கைப்பட்டிகளும் கண்டு நடுங்கும் கத்தரிக்கோலை வலக்கையில் ஏந்தி, பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடிப் பேரரசைப் பதினான்கு ஆண்டுகளாக ஆண்டுவரும் தையற்கலை வேந்தன் வாழ்க! அவனைச் சுமந்து பாய்வதும், நூற்றைம்பது சிசி வலிமை பொருந்தியதும், காலை நேரத்தில் மட்டும் நான்காவது உதையில் உயிர்பெறுவதுமாகிய கருநிறப் புரவி வாழ்க! அப்புரவியின் பின்னாசனத்தில் வீற்றிருந்து, மதியச் சாப்பாட்டுப் பையை மடியில் காத்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களை அளந்து சொல்லும் அவன் மனைவியாம் கூர்நோக்கு நாயகியும் வாழ்க! இவர்கள் கதையைச் சொல்லத் துணிந்த எனக்கு மட்டும் யாராவது ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். வாக்கியங்கள் நீளமானவை.

இவ்விருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள் என்பது ஏறக்குறைய வதந்திதான். மாலையில் அவள் பேருந்து பிடித்து வந்துவிடுவாள். அவன் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையை உறவினர்களும் துவைக்க வேண்டிய துணிகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எஞ்சியது ஒவ்வொரு காலையும் முப்பத்தைந்து நிமிடம். வீட்டு வாசலிலிருந்து கண்ணாடிக் கடை வாசல்வரை, இருபத்தெட்டு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில், அவன் முன்னும் அவள் பின்னுமாகச் செல்லும் அந்த முப்பத்தைந்து நிமிடமே அவர்கள் இல்லறத்தின் மொத்தச் சொத்து. அவள் பேசுவாள், அவன் கேட்பான் என்பது ஏற்பாடு.

அந்தச் சொத்தில் அத்துமீறி நுழைந்தான் காற்றரசன். அவன் சாமானியனா? கோட்டை வேண்டாதவன், கொடி வேண்டாதவன், ஊரிலுள்ள எல்லாக் கொடியும் தன்னுடையதே என்று ஆட்டிப் பார்ப்பவன்! வேகமுள் ஐம்பத்தைந்தைத் தொட்டதும் எங்கிருந்தோ படைதிரட்டி வந்து, தையல்வேந்தன் தலைக்கவசத்தை இரு கையாலும் பற்றி, மாவு சலிக்கும் சல்லடைபோல் இடமும் வலமும் உலுக்கி, செவியிரண்டிலும் பேரிரைச்சலை அள்ளிக் கொட்டினான். வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்க இருந்ததோ கம்பெனிக்காரன் போனால் போகிறதென்று ஒட்டிவிட்ட உள்ளங்கை அகல வைசர். அதைக் கண்டு காற்றரசன் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பும் இரைச்சலில் கேட்கவில்லை.

ஆகவே நம் தலைவன் ஒரு தந்திரம் கைக்கொண்டான். பின்னாலிருந்து குரல் வந்ததுபோல் தோன்றினால் "ம்" என்றான். அந்த ஓரெழுத்து மந்திரத்தால் மூன்று ஆண்டுகளில் அவன் சம்மதித்தவை பல: படுக்கையறைக்குக் கத்திரிப்பூ வண்ணம் அடிக்கச் சம்மதித்தான், மனைவியின் தம்பி ஐந்து வாரம் வந்து தங்கச் சம்மதித்தான், அந்தத் தம்பியின் பந்தாட்டக் குழுவினர் பதினொரு பேருக்கும் இலவசமாகச் சட்டை தைக்கச் சம்மதித்தான். பதினொருவரும் ஒரு சனிக்கிழமை கடைவாசலில் வரிசையாக வந்து நின்று அளவெடுக்கக் கையைத் தூக்கிக் காட்டியபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது.

ஒருநாள் காலை, வண்டியை விட்டிறங்கிய நாயகி, தலைக்கவசத்தைக் கழற்றி, கலைந்த கூந்தலோடும் கலையாத கோபத்தோடும் கேட்டாள்.

"நான் இப்ப என்ன சொல்லிட்டு வந்தேன்?"

"ம்... அதான்... சரின்னு சொன்னேனே."

"என்னைய வேற கிளைக்கு மாத்தலாமா வேண்டாமான்னு கேக்குறாங்கன்னு சொன்னேன். அதுக்கு ம்முங்குறீங்க." அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "அது கிடக்கட்டும், நானே வேணாம்னு சொல்லிக்கிறேன். ஆனா அடுத்த திங்கக்கிழமைலேர்ந்து எங்க கடை வேன்லயே வந்துடுறேங்க. அங்கன்னா ஜன்னல சாத்திக்கலாம். பேசுனா பக்கத்துல இருக்குறவங்களுக்காவது காதுல விழும்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கேளுங்கள், அந்தப் படியடி வேந்தன் அன்று ஒரு கால்சட்டைக்கு மூன்று பக்கவாட்டுப் பைகள் தைத்தான். வேன் என்றால் முப்பத்தைந்து நிமிடமும் போயிற்று. இனி மனைவியை வாழ்த்து அட்டையில்தான் விசாரிக்க வேண்டும். அவனுக்கு அழுகையே வந்தது. ஆனால் காவியத் தலைவன் என்பதால் நூலைப் பல்லால் கடித்து அறுத்து எழுந்து நின்றான். "காத்தா நானான்னு பாத்துடுறேன்!" என்று மாடிப்படி அதிர முழங்கினான். மேலே குடியிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் வந்து சேர்ந்தவன் மந்திராலோசனைக்கு அழைக்கப்படாத மைத்துனன், அதே ஐந்து வாரத் தம்பி. "உசரமா ஒரு விண்ட்ஷீல்டு மாட்டுங்க அத்தான். காத்து தலைக்கு மேல போயிடும். எவ்வளவு உசரமோ அவ்வளவு நல்லது," என்று அருளினான். ஆயுதச் சாலையோ பக்கத்திலேயே இருந்தது. பெயர்ப்பலகை செய்யும் போர்டுக்காரர், பல்மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அக்ரிலிக் தகட்டில் புகழ் பொறித்துக் கொடுப்பவர், கண்ணாடிபோன்ற தகடொன்றைச் சூடாக்கி வளைத்துத் தர ஒப்புக்கொண்டார். அளவு மட்டும் கேட்டார்.

அளவு! யாரிடம் வந்து அளவு கேட்கிறார்! பதினான்கு ஆண்டுகளாக ஊரின் தோள்களையும் தொந்திகளையும் அங்குலம் தவறாமல் குறித்த கைக்கு இதென்ன பெரிய காரியம்! நம் தலைவன் நிற்கும் வண்டியில் ஏறி அமர்ந்தான். வாடிக்கையாளர்களிடம் தினமும் அதட்டுவதுபோல் "நிமிந்து உக்காரு" என்று தன்னையே அதட்டி, முதுகைக் கம்பியாக நிமிர்த்தி, மூக்குவரை நாடா பிடித்தான். பிறகு, வளரும் பிள்ளைகளின் கால்சட்டைக்கு உள்ளே மடித்து வைப்பதுபோல, பின்னால் உதவுமென்று இரண்டு அங்குலம் கூட்டிக் குறித்தான். அந்த இரண்டு அங்குலம் எந்தத் தையற்காரனும் யோசிக்காமல் செய்வது.

வியாழக்கிழமை காலை, கதவளவு கேடயம் பூண்ட கரும்புரவி நெடுஞ்சாலையில் இறங்கியது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது! ஆகா, மார்பில் காற்றில்லை, வயிற்றில் காற்றில்லை, வென்றோம் என்று தலைவன் உள்ளம் துள்ளிய அக்கணமே, கேடயத்தின் உச்சி விளிம்பில் ஏறி நின்ற காற்றரசன், அங்கிருந்து குட்டிக்கரணம் அடித்து, முன்னிருப்பவன் தலையைத் தாண்டி நேரே பின்னிருப்பவள் உச்சந்தலையில் குதித்தான்! மேலும், கேடயத்துக்குப் பின்னால் காற்றே இல்லாத வெற்றிடம் ஒன்று உண்டாகி, இருவரையும் முன்னோக்கி உறிஞ்சி இழுக்க, அவள் தலைக்கவசம் அவன் தலைக்கவசத்தை டொக் டொக்கென்று இருபத்தெட்டு கிலோமீட்டரும் தட்டிக்கொண்டே வந்தது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அவன் இரண்டுமுறை "ம்" என்றான்.

இறங்கியவள், கடை வாசலில் நின்றிருந்த வேன் ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் போர். உச்சி விளிம்பில் சிறு இறக்கை ஒன்று மாட்டினால் காற்று இன்னும் மேலே எகிறும் என்றார் போர்டுக்காரர். மாட்டப்பட்டது. விளைவாகக் காற்று எகிறாமல் இசை பயின்றது. எழுபதாம் எண்ணை நெருங்கியபோது அவ்விறக்கை எழுப்பிய சீழ்க்கையொலி, வயல்களைக் கடந்து, பாலங்களைக் கடந்து, சோம்பிக் கிடந்த நாய்க்குலம் அனைத்தையும் போருக்கு எழுப்பிவிட்டது. ஒன்றல்ல, ஐந்து நாய்கள் சுங்கச்சாவடிவரை துரத்தி வந்து வழியனுப்பின. வாழ்க நாய்கள், அவையாவது இந்தக் கதையில் ஓடி உழைத்தன. வண்டியை நிறுத்தி இறக்கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

இனி சனி, ஞாயிறு மட்டுமே மிச்சம். சனிக்கிழமை முழுவதும் தையல்வேந்தன் இயந்திரத்தின்முன் தலைகவிழ்ந்து கிடந்தான். காற்று எந்த வழியாக வருகிறது, எங்கே திரும்புகிறது என்று தெரிந்தால்தானே வெட்டுவதற்கு! கண்ணுக்குத் தெரியாத துணியை எப்படி வெட்டுவது? அப்போது மேசை விளிம்பில் ஒட்டிக்கிடந்த ஒரு சிவப்பு நூல்துண்டு, மின்விசிறிக் காற்றில் நீண்டு நெளிந்து ஆடியது. கண்டான் தலைவன்! கண்டதும் எழுந்தான்! எழுந்ததும் மேசைவிளக்கில் தலையை இடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என அறுபது நூல்துண்டுகள் விரல் நீளத்துக்கு வெட்டப்பட்டு, கேடயத்தின் உச்சி முதல் அடிவரை வரிசை வரிசையாக ஒட்டப்பட்டன. ஆனால் வண்டியோட்டுபவன் சாலையைப் பார்க்க வேண்டாமா? நூல்களைப் பார்க்க இன்னொரு கண் வேண்டுமே. அந்தக் கண் வாசற்படியில் நின்று கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை வாம்மா. நூல் எப்படி ஆடுதுன்னு பாத்துச் சொன்னா போதும்."

"சொன்னா உங்களுக்குக் கேக்குமாக்கும்."

நியாயம். மறுக்க முடியாத நியாயம். தலைவன் சட்டைப்பையிலிருந்து துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியை எடுத்து அவள் கையில் வைத்து, பழைய வெள்ளைச் சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பிக் காட்டினான். "இதுல வரைஞ்சிடு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துக்கொண்டே ஏறினாள்.

பாடுவேன், அந்தப் பயணத்தைப் பாடுவேன்! ஆளரவமற்ற ஞாயிற்றுச் சாலையில், அறுபது வேகத்தில், அவன் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, பல்லாயிரம் பேரிடம் கடைசி வரி எழுத்தைப் படித்துக்காட்டச் சொன்னவள் இன்று அறுபது நூல்களின் எழுத்தைத் தானே படித்தாள். நேராகக் கிடப்பதற்குக் கோடு, சுழல்வதற்குச் சுழி, எதிர்த்திசையில் திரும்புவதற்கு அம்பு! அவன் முதுகில் சாக்கட்டி ஓட ஓட அவனுக்குக் கூச்சம் தாளவில்லை. வளைந்து நெளிந்தான், வண்டியும் வளைந்து நெளிந்தது. "ஒழுங்கா ஓட்டுங்க!" என்று அவள் அலறியது காற்றில் போயிற்று. அதனால் அதையும் முதுகிலேயே எழுதினாள்.

கடைக்குப் போய் இறங்கியதும் சட்டையைக் கழற்றி வெட்டும் பலகையில் விரித்தார்கள். இருவர் தலையும் ஒன்றையொன்று தொட அந்த நீல வரைபடத்தின்மீது குனிந்தார்கள். அடிப்பகுதியில் நடுவே எல்லா அம்பும் எதிர்த்திசையில் திரும்பியிருந்தன. வெற்றிடம் அங்கே இருந்தது. உச்சியிலோ, விளிம்பிலிருந்து சரியாக இரண்டு அங்குலத்துக்கு, ஒரு நூல்கூட நேராகக் கிடக்கவில்லை. எல்லாம் சுழி.

"ரெண்டு இஞ்ச்," என்றாள் அவள்.

தலைவன் முகம் சிவந்தான். "பிரிச்சு விடலாம்னு உள்ள விட்டேன்."

"கண்ணாடி வளரும்னா நினைச்சீங்க?"

"அதுமட்டுமில்ல. நிமிந்து உக்காந்து அளந்தேன். ஓட்டும்போது கூன் போட்டுத்தான் உக்காருவேன் போல."

"மிஷின்ல உக்கார்ற மாதிரியே உக்காருவீங்க. பின்னாலேருந்து மூணு வருஷமா அந்த முதுகத்தான் பாக்குறேன்," என்றாள். அவள் குரலில் கோபம் எப்போது போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவனுக்குத் தைரியமில்லை.

அன்று மாலைக்குள் ஆல்ட்டரேஷன் முடிந்தது. போர்டுக்காரரை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பி, நுண்பல் வாள் இரவல் வாங்கி, சாக்கட்டிக் கோட்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, மூச்சைப் பிடித்து, எதிரியின் மகுடத்தை அறுப்பவன்போல் இரண்டு அங்குலத்தையும் அறுத்தெடுத்தான். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினான். அடியில் நான்கு ரப்பர் வாஷர்களைக் கொடுத்துக் கேடயத்தைச் சற்றே தூக்கி, வெற்றிடத்துக்குள் கொஞ்சம் காற்றைத் தானே விருந்தாளியாக அழைத்து விட்டான். உச்சியைக் கைவிரல் அகலம் பின்னால் சாய்த்தான். எதிரியை அடியோடு விரட்டாதே, அவனுக்கும் போக ஒரு வழி விடு என்ற போர்நூல் இரகசியம் இவ்வாறு ஒரு தையற்காரனுக்கு விளங்கிற்று. போர்டுக்காரர் மறுபடி தூங்கப் போனார்.

விடிந்தது திங்கட்கிழமை! எழுந்தான் வேந்தன்! உயிர்பெற்றது புரவி, அதிசயமாக முதல் உதையிலேயே! வாசலில் கடை வேன் வந்து ஒலியெழுப்பி நிற்க, நாயகி வேனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், வாளால் வெட்டுண்ட கேடயத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒரு நாள் பாக்குறேன்," என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினாள். முழங்குக முரசங்கள்! ஐம்பது! ஐம்பத்தைந்து! காற்றரசன் தன் யானைகளையும் தேர்களையும் ஏவினான். அவை கேடயத்தின் வழவழத்த விளிம்பில் வழுக்கி, இரு தலைகளுக்கும் மேலே ஒழுங்காக வரிசையில் போய்விட்டன! அறுபது! அறுபத்தைந்து! உலுக்கலில்லை, உறிஞ்சலில்லை, சீழ்க்கையில்லை, நாயுமில்லை! மண்ணும் விண்ணும் வியக்க, மூன்றாண்டுப் பேரிரைச்சல் அடங்கி, வேன் பின்தங்கி, அந்தப் பேரமைதியின் நடுவே அவன் தோளருகே ஒரு குரல் தெளிவாக எழுந்தது.

"கேக்குதா?"

"கேக்குது! நல்லாக் கேக்குது!" என்று அவன் கத்தினான்.

"கத்தாதீங்க, எனக்கும் கேக்குது. அந்தச் சுருட்டை இருக்கால்ல, அவ சனிக்கிழமை என்ன பண்ணினா தெரியுமா?"

"எந்தச் சுருட்டை?"

"மூணு வருஷமா சொல்லிட்டு வர்றேனே! லென்ஸ் தேய்க்கிற ரூம்ல இருப்பாளே, மேனேஜரோட சண்டை போட்டு நாற்காலியைத் தூக்கிட்டுப் போனாளே!"

"மேனேஜர் யாரு?"

"அய்யோ கடவுளே."

அப்போது நம் தலைவன் சொன்னான். இக்காதையிலேயே அவன் சொன்ன மாபெரும் பிரகடனம் அதுதான். "கோவிச்சுக்காத. நீ வேலைக்குச் சேந்த முத நாள்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

அவள் சொன்னாள்! சுருட்டையின் வரலாறு சொன்னாள், மேனேஜரின் வம்சம் சொன்னாள், நாற்காலிப் போரின் மூன்று கட்டங்களையும் விரித்துரைத்தாள், அவன் "அப்புறம்?" என்றான், "அடப்பாவி!" என்றான், "அவ அப்படியா கேட்டா?" என்றான், "ம்" என்று மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, பாலங்கள் கடந்தன, ஊர்கள் கடந்தன, பேருந்து நிலையம் வந்தது, போனது, வெற்றித் திருமகள் அவ்விருவர் தலைக்கவசங்களின்மீதும் மலர்மாரி பொழிய, காலமும் தூரமும் கைகட்டி வாய்பொத்தி நின்று அக்கதையைக் கேட்டன.

அவள் இறங்க வேண்டிய கடை எட்டு கிலோமீட்டர் பின்னால் இருந்தது.