ஜன்னல் சாத்தும் தெரு

கேட்டைத் திறந்த கை கேட்டோடு ஒட்டிக்கொண்டது.

பாட்டுக்காரர் பிய்த்து எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கத் தார். நேற்று வரை பச்சையாக இருந்த கேட், மேலிருந்து கீழ் வரை கன்னங்கரேலென்று நின்றது. யார் பூசினது என்று கேட்கத் தெருவில் ஆளில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் மட்டும் ஒரு முகம் இருந்தது. அவர் நிமிர்ந்ததும் ஜன்னல் சாத்திக்கொண்டது.

கையைச் சட்டையில் துடைத்தார். சட்டையைக் கழற்றப் போனதில் தார் காதுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் தார் போகவில்லை, இளகி இன்னும் சௌகரியமாகப் பரவியது. கொஞ்ச நேரத்தில் கதவுக் குமிழ், குழாய், நல்ல துண்டு, கீபோர்டில் இரண்டு கட்டைகள் என்று வீடெங்கும் அவருடைய விரல் அடையாளங்கள்.

மனைவி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"போலீஸ் வந்தா உங்களைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க."

"சிரிக்கிறியா நீ? எல்லாம் அந்தப் பாட்டால வந்தது."

"பாட்டு நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். நர்ஸ் வேலை. அந்த மாதம் முழுக்க மதியம் போனால் தெரு தூங்கிய பிறகுதான் வருவாள்.

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆளுங்கட்சிக்காரர்கள் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை. சுவருக்குப் பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் ஓயாமல் உறுமியது. நாளடைவில் அந்த உறுமல் ஊரின் மௌனத்தோடு சேர்ந்துவிட்டது. யார் காதிலும் தனியாக விழுவதில்லை. கல்யாண வரவேற்புகளில் அடுத்தவர் பாட்டைப் பாடிப் பிழைத்துவந்த மனுஷனுக்கு அது மட்டும் எப்படியோ விழுந்து தொலைத்தது. தாமாகவே ஒரு பாட்டைக் கட்டி, பாடி, இணையத்தில் ஏற்றிவிட்டார்.

*சுவரே சுவரே, அந்தப் பக்கம் யாரு?*
*ஆறே ஆறே, இருந்தா குரல் கொடு.*

அவ்வளவுதான் பாட்டு. ஆறு குரல் கொடுக்கவில்லை. மற்ற எல்லோரும் கொடுத்தார்கள். பாட்டுக்குக் கீழே வசவு மழை. மேடைக்கு மேடை கண்டனம். ஒத்துக்கொண்டிருந்த வரவேற்புகள் எல்லாம் கைநழுவின. ஒரு கல்யாண வீட்டார், "பொண்ணு வீட்டுல பாட்டே வேண்டாங்கறாங்க," என்றார்கள். பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டைக் கை காட்டினார்கள்.

தாரை மறைக்கப் பெயின்டர் வந்தான். விரலால் தொட்டு, முகர்ந்து, கேட்டின் பின்பக்கமும் குனிந்து பார்த்தான்.

"நல்ல வேலை சார். மூலை முடுக்கு விடாம அடிச்சிருக்கு."

"யாரு அடிச்சிருப்பாங்க?"

"யாரோ கூலிக்காரனா இருக்கும். பாவம், சொன்னதைச் செய்யணுமில்ல?" அவன் நகக்கண்களில் கறுப்பு இருந்தது. பெயின்டர் என்றால் இருக்கத்தானே செய்யும். "தார் காயாம பெயின்ட் நிக்காது சார். காயட்டும், வரேன்."

சோப்பு வாங்கக் கடைக்குப் போனார் பாட்டுக்காரர்.

"அண்ணே, இந்தத் தாரு போற மாதிரி சோப்பு ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு சோப்பை எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. அவர் விரல்கள் மட்டும் தராசுத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தன. தட், தட், ததட். சீக்கிரம் கிளம்பு என்கிறாராம்.

"வெறும் பாட்டுதானேண்ணே. அதுக்காக முகம் கொடுத்துப் பேசக்கூடாதா?"

கடைக்காரர் சட்டென்று அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. இத்தனை கோபத்தைப் பாட்டுக்காரர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது விளக்கு வைக்கும் நேரம். தெரு முனையில் முதல் வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. டப். அடுத்த வீடு. டப். அவர் நடக்க நடக்க, அவருக்கு இரண்டு வீடு முன்னாலேயே ஜன்னல்கள் சாத்திக்கொண்டு போயின. ஓடிப் பார்த்தார். ஜன்னல்களும் வேகமாகச் சாத்திக்கொண்டன. நின்றார். அவையும் நின்றன. பிறகு, இவருக்காகக் காத்திருக்க முடியாது என்பதுபோல, மீதி எல்லாம் ஒரே மூச்சில் சாத்திக்கொண்டன. தெருவில் அவரும், சுவருக்குப் பின்னாலிருந்து வந்த உறுமலும் மட்டும்.

காற்றே இல்லாத புழுக்கம். இந்தப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் ஒரு மனிதனை எவ்வளவு வெறுக்க வேண்டும்!

மனைவியின் தம்பி கைப்பேசி ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். எதற்கும் ஒரு யோசனை சொல்வான் என்பதால் அவன் பெயரே யோசனை என்று ஆகியிருந்தது.

"கேட்டவங்க எண்ணிக்கையைப் பாருங்க மாமா. நம்ம ஊர் ஜனத்தொகையை எப்பவோ தாண்டியாச்சு!"

"திட்டுறதுக்குக் கேட்டிருப்பாங்கடா."

"ஒரு தடவை திட்டினவனே இருபது தடவை கேட்டிருக்கான் மாமா."

"அவ்வளவு வெறியா?" பாட்டுக்காரர் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

யோசனை யோசித்தான். "இது பொதுவான சுவர், எந்தக் குறிப்பிட்ட சுவரும் இல்லைன்னு ஒரு விளக்கம் போட்டுடுவோம்."

போட்டார்கள். அதுவரை அந்த ஊர்ச் சுவரை மட்டும்தான் திட்டுகிறான் என்று சும்மா இருந்த பக்கத்து ஊர்ச் சுவர்க்காரர்களும் அன்று முதல் வசவில் சேர்ந்துகொண்டார்கள்.

"அப்போ சுவரைப் புகழ்ந்து ஒரு பாட்டு பாடிடுங்க மாமா. கட்சி ஆபீஸ் விழா வருது. நான் பேசி வைக்கிறேன்."

விழாவில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் தலைவர். பாட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "சுவரே நீ வாழ்க, நிழல் தந்து வாழ்க," என்று தொடங்கினார். இரண்டு வரி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது வரியில் தொண்டை தானாகவே பழைய மெட்டுக்குள் இறங்கிவிட்டது. மேலே ஏற்றப் பார்த்தார், வரவில்லை. சேற்றில் சிக்கிய சக்கரம் மாதிரி வாழ்க வாழ்க என்று அதே மெட்டிலேயே சுற்றினார்.

கண்ணைத் திறந்தார். கூட்டம் அசையவில்லை. அத்தனை முகத்திலும் உதடுகள் இறுக மூடியிருந்தன, கடைக்காரருடையதைப் போலவே. அந்த மூடிய உதடுகளுக்குள்ளிருந்து, இன்னார் என்று சொல்ல முடியாமல், மெல்லியதாக ஒரு முனகல் எழுந்தது. ம்ம்… ம்ம்… தலைவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அடங்கியது. அவர் முன்பக்கம் திரும்பினார். மறுபடி எழுந்தது. தலைவரின் செருப்பு தரையில் தட்டியது. தட், தட், ததட்.

யாரும் கை தட்டவில்லை. பாட்டுக்காரர் மேடையின் பின்பக்கமாக இறங்கி வீட்டுக்கு ஓடினார்.

"உறுமறாங்கடா! மொத்தக் கூட்டமும் வாயைத் திறக்காம உறுமுது! இன்னொரு வரி பாடியிருந்தா அடிச்சே கொன்னிருப்பாங்க."

யோசனை கைப்பேசியை எடுத்து அவர் கையில் வைத்தான். "அப்போ ஒரே வழிதான் மாமா."

அன்று மனைவி வந்தபோது அவர் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அழிச்சிடப் போறேன். மன்னிப்பும் கேட்டுடப் போறேன்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்களுக்கு நிஜமாவே வருத்தமா இருக்கா?"

அறையில் நெடுநேரம் சுவரின் உறுமல் மட்டும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பாட்டுதான் அவருடையது. மற்றதெல்லாம் பிறருடையது. அது அவளுக்கும் தெரியும்.

"நம்ம சோறு, நம்ம தெரு, எல்லாம் போகுதேடி," என்றார் கடைசியில்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் அழுத்தினார். ஒரே அழுத்தல்தான், பாட்டு இல்லை. பிறகு தார் போகாத காதோடு கேமராவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பயந்து பயந்து தெருவுக்கு வந்தார்.

ஒரு ஜன்னலும் சாத்திக்கொள்ளவில்லை. முதல் வீடு, அடுத்த வீடு, எதிர்வீடு, எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எதுவும் செய்யாமல், ஒருவரோடொருவர் பேசாமல், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சுவரின் உறுமல் ஜன்னல் வழியே வீடுகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

கடை வரை போனார். "என்ன சார், சோப்புல தாரு போச்சா?" என்றார் கடைக்காரர். வாயைத் திறந்து, முழு வாக்கியம்! அவர் கைகள் தராசின் மேல் அசையாமல் கிடந்தன.

"போச்சுண்ணே, போச்சு!" பாட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பெயின்டர் குந்தி உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

"தாரு காஞ்சிடுச்சு சார். என்ன கலர்?"

"பழைய பச்சையே அடிப்பா. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு." பாட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துத் தெருவைக் காட்டினார். "பார்த்தியா? ஊரே என்னை மன்னிச்சிடுச்சு. ஒரு ஜன்னலாவது சாத்தியிருக்கா பாரு!"

பெயின்டர் தெருவைப் பார்த்தான். பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தான். விளிம்பில் தட்டினான். தட், தட், என்று தட்டிவிட்டு, ஏதோ நினைவு வந்தவன்போலப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மன்னிக்கறதாவது சார்! விளக்கு வெச்சதும் வெளியே கேட்டுடப் போகுதேன்னு ஊரே ஜன்னலைச் சாத்திக்கிட்டு உங்க பாட்டைத்தான் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தோம். அதை நீங்களே அழிச்சப்புறம், இனிமே எதுக்கு சார் சாத்தணும்?"