வீட்டம்மாவுக்குத் தைரியம் பத்து

உலகத்துல தோக்காத ஆம்பிளைன்னு ஒருத்தன் உண்டுன்னா அது தானாத்தான் இருக்கணும்னு லிஃப்ட்காரர் முடிவு பண்ணி மூணு மாசம் ஆகுது. லிஃப்ட்காரர்னா லிஃப்ட் ஓட்டுறவர் இல்லை, ரிப்பேர் பாக்குறவர். வாரத்துல ஆறு நாள் அடுத்தவங்களை ஏத்தி இறக்குறதுக்கே பொழுது சரியாப் போயிடும். ஏழாவது நாள் காலையில குளிச்சு முடிச்சு முன்ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தார்னா, போக்கர் டோர்னமெண்ட்.

எதிர்ல ஆடுறது மனுஷங்க இல்லை. அந்த விளையாட்டே உண்டாக்கின எட்டு பேர். காசு பணம் கிடையாது. ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல அஞ்சு சீட்டு, முன்னாடி பணத்துக்குப் பதிலா குவியலா சில்லு. நல்ல சீட்டு வந்தா சில்லை ஏத்தலாம். வராட்டியும் ஏத்தலாம். எதிராளி பயந்துபோய் சீட்டைக் கவுத்துட்டா நடுவுல இருக்கிறதெல்லாம் நமக்கு. அதுக்குப் பேரு உதார். லிஃப்ட்காரருக்கு அதுலதான் மயக்கமே. வேலையில உதார் விட முடியாது. கம்பி தேஞ்சா தேஞ்சதுதான்.

அந்த விளையாட்டுல இன்னொரு வசதியும் உண்டு. எதிராளி எப்படிப்பட்ட ஆளுன்னு நாமளே அமைச்சுக்கலாம். தைரியம், உதார், பொறுமைன்னு மூணு அளவு. பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் எங்க வேணா நகத்தலாம். பேரும் நம்ம இஷ்டம். லிஃப்ட்காரர் சொந்தபந்தத்தையே மேஜையைச் சுத்தி உக்கார வச்சுட்டாரு. சூப்பர்வைசருக்கு உதார் நூறு. மச்சானுக்குத் தைரியம் தொண்ணூத்தஞ்சு. அறிவுக்குன்னு தனி அளவு இல்லாதது அந்த விளையாட்டுல ஒரு பெரிய குறைன்னு அவருக்குத் தோணுச்சு. மாமியாருக்கு மூணுமே நூறு. அந்தம்மா முதல் ஆட்டத்துலயே மாப்பிள்ளையை வெளியே அனுப்பிடுச்சு. ஒரே அமுக்குல மாமியாரை அழிச்சுட்டு, அந்த இடத்துல கீழ்வீட்டுப் பல் டாக்டரைப் போட்டாரு. போட்டுட்டு ரெண்டு நிமிஷம் அந்தப் பட்டனையே ஏக்கமாப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

கடைசியா சம்சாரம். ‘வீட்டம்மா’ன்னு பேர் வச்சாரு. தைரியம் பத்து. உதார் பூஜ்யம். பொறுமை தொண்ணூறு. யோசிக்கவே இல்லை. பதினாறு வருஷமா பாக்குறாரே! சுவத்துக்கு மஞ்சள் வேணும்னு அந்தம்மா சொல்லுச்சு, இவரு பச்சைன்னாரு, பச்சைதான் அடிச்சாங்க. ஃப்ரிட்ஜ் ஜன்னல் பக்கம்னு சொல்லுச்சு, இவரு குரலைக் கொஞ்சம் ஏத்தினாரு, ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் போயிடுச்சு. மேஜையிலயும் அப்படியேதான். இவரு சில்லை ஏத்தினா வீட்டம்மா சீட்டைக் கவுத்துடும். வாராவாரம் கடைசியில இவரும் வீட்டம்மாவும்தான் மிஞ்சுவாங்க. வாராவாரம் ஜெயிக்கிறது யாருன்னு சொல்லவே வேண்டாம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயித்துக்கிழமை சம்சாரம் வந்து பக்கத்துல நின்னுச்சு.

“ஏங்க, ஒரு விஷயம்.”

“சொல்லு. காது இங்கதான் இருக்கு.”

“கண்ணும் இருந்தா நல்லா இருக்கும்.”

திரும்பினாரு.

“தையல் கத்துக்க ஆறு பேர் கேக்குறாங்க. எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை காலையிலதான் ஒழியுது. இந்த ரூம்லதான் வெளிச்சம் வருது. வெட்டுறதுக்குப் பெரிய மேஜையும் இதுதான்.”

“ஞாயித்துக்கிழமையா? அது என் நாளு.”

“மத்த ஆறு நாளும் யாரோடதுங்க?”

“பாக்கலாம், பாக்கலாம்”னாரு. அந்த வீட்டுல ‘பாக்கலாம்’னா என்ன அர்த்தம்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அந்தம்மா உள்ள போயிடுச்சு. பாத்தியா, சீட்டைக் கவுத்துட்டாள்னு இவரு நினைச்சுக்கிட்டாரு.

ஆனா மனசு கேக்கலை. நல்ல மனுஷன்தான். யாருக்கோ தைச்சுக் குடுக்கிறதுக்காக அந்தம்மா மடியில துணியோட அடுப்படி ஓரமா உக்காந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிறதைத் தினமும் பாக்குறாரே. அதனால செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது பெருந்தன்மையா ஒரு வழி சொன்னாரு.

“இந்தா, நியாயமா ஒரு பந்தயம். வர்ற ஞாயித்துக்கிழமை நான் டோர்னமெண்ட்ல ஜெயிச்சா ரூம் எனக்கு. தோத்தா உனக்கு.”

“வாராவாரம் நீங்கதானே ஜெயிக்கிறீங்க?”

“அதுக்கு நான் என்ன பண்றது? திறமை.”

“சரிங்க”ன்னு அந்தம்மா குழம்பை ஊத்துச்சு. இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டாளேன்னு இவருக்கே கொஞ்சம் பாவமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை. அந்தம்மா ஸ்டூலைப் போட்டுப் பின்னாலயே உக்காந்து காஜா எடுத்துச்சு. மச்சான் மூணாவது ஆட்டத்துலயே எல்லாத்தையும் உள்ள தள்ளி வெளியே போனாரு.

“உன் தம்பி போயாச்சு.”

“அவனுக்கு உக்கார எங்கங்க நேரம்?”

சூப்பர்வைசர் போனாரு. பல் டாக்டர் போனாரு. ஆனா வீட்டம்மா மட்டும் ஒரு மாதிரியா ஆடுச்சு. ரெண்டு தடவை இவரு ஏத்தினப்ப கவுக்கலை, ‘பாத்துடலாம்’னு நின்னுச்சு. சீட்டு நல்லா வந்திருக்கும்னு விட்டுட்டாரு. கடைசியில வழக்கம்போல ரெண்டே பேர்.

இவரு கையில ஒரு ஏழு, ஒரு ரெண்டு. குப்பை. நடுவுல விழுந்த சீட்டும் இவருக்கு உதவாது. அதனால என்ன? எதிர்ல இருக்கிறது தைரியம் பத்து. லிஃப்ட்காரர் விரலைச் சொடுக்கி, சில்லு மொத்தத்தையும் உள்ள தள்ளினாரு.

வீட்டம்மா யோசிச்சுச்சு. திரையில ஒரு சின்ன வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. பின்னால ஊசி துணியில இறங்குற சத்தம்கூடக் கேட்டுச்சு.

‘பாத்துடலாம்.’

சீட்டு திரும்புச்சு. ஒரு ஜோடி நாலு. வெறும் நாலு! ஆனா குப்பைக்கு அது போதும்.

“இந்த ஜோடியை வச்சுக்கிட்டா என்னை எதிர்த்தா?” லிஃப்ட்காரர் எந்திரிச்சே நின்னுட்டாரு. “மிஷின் கெட்டுப்போச்சு! இவ இப்படி ஆடுறவளே இல்லை!”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. என் பேர்ல தப்பா எழுதி இருந்துச்சு. புதன்கிழமை திருத்திட்டேன்.”

“என்ன திருத்தின?”

“துடைக்க வந்தேன். திரையில தொறந்தே கிடந்துச்சு. தைரியம் பத்துன்னு.” அந்தம்மா நூலைப் பல்லால கடிச்சு அறுத்துச்சு. “அறுபது ஆக்கினேன்.”

“அறுபதா? நூறே போட்டிருக்கலாமே!”

“பொய் எதுக்கு? எனக்கும் பயம் இருக்கு.”

“உதார்?”

“அதைத் தொடலை. பூஜ்யம். அது ஒண்ணுதான் சரியாப் போட்டிருந்தீங்க.”

“பொறுமை?”

“முப்பது.”

“தொண்ணூறு இருந்துச்சே!”

“பதினாறு வருஷம் ஆச்சு இல்லை? தேஞ்சுடுச்சு.”

“இது கள்ள ஆட்டம்!”

“இல்லாத ஒருத்திகூட ஆடி வாராவாரம் ஜெயிச்சீங்களே, அது என்ன ஆட்டம்ங்க?”

லிஃப்ட்காரர் உக்காந்தாரு. திரையில வீட்டம்மா முன்னாடி சில்லு மலை மாதிரி கிடந்துச்சு. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்க கதவைத் தட்டுவாங்க, கத்துவாங்க. யாராவது ஒருத்தர் மட்டும் மூலையில சத்தம் போடாம நிப்பாங்க. பயந்துட்டாங்க போலன்னு இவரு அவங்களைத்தான் முதல்ல கையைப் பிடிச்சுத் தூக்குவாரு. தூக்கினதும் ‘ரெண்டாவது மாடியிலயே கதவு இடிச்சுதுங்க, அதைப் பாருங்க’ன்னு சரியா சொல்றதும் அவங்கதான். இத்தனை வருஷ வேலையில இது எத்தனை தடவை நடந்திருக்கும்? ஒரு தடவைகூட அதை வீட்டுக்குக் கொண்டு வந்து யோசிச்சதில்லை.

“அப்போ அந்தப் பச்சைப் பெயிண்ட்டு...”

“பிடிக்கலை.”

“ஃப்ரிட்ஜு?”

“இன்னைக்கும் முழங்கால்ல இடிக்குது.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“பெயிண்ட்டுக்கெல்லாம் சண்டை போட்டுத் தீத்துட்டா, நிஜமா ஒண்ணு வேணும்ங்கிறப்ப கையில என்னங்க மிஞ்சும்?”

 லிஃப்ட்காரர் திரும்பிச் சுவத்தைப் பாத்தாரு. உண்மையிலயே நல்லா இல்லைதான்.

“சரி, தோத்தது தோத்ததுதான்”னாரு. “அடுத்த வாரத்துலேர்ந்து ரூம் உனக்கு. நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். வரச் சொல்லு அவங்களை.”

வாசல்ல மணி அடிச்சுச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. ஆறு பொம்பளைங்க. ஆளுக்கொரு துணிப்பை, ஆளுக்கொரு கத்திரிக்கோல்.

“இன்னைக்கே வரச் சொல்லிட்டியா? நான் ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? எப்போ சொன்ன அவங்ககிட்ட?”

“திங்கக்கிழமை.”

லிஃப்ட்காரர் விரல் விட்டு எண்ணினாரு. “பந்தயம் கட்டினதே செவ்வாய்க்கிழமைதானே?”

“ஆமா.”

“அப்போ பந்தயம் எதுக்கு?”

“நீங்கதானே ஆசையாக் கேட்டீங்க”ன்னு சொல்லிக்கிட்டே அந்தம்மா கம்ப்யூட்டர் வயரைப் புடுங்கிச் சுருட்டி அவர் கையில குடுத்துச்சு. “கதவைத் திறங்க, பாவம் நின்னுக்கிட்டு இருக்காங்க.”