முப்பதுக்கு மேல் இடமில்லை

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலம் பற்றி மூன்று மணிக்குத் தெரியும். இப்போது இரண்டேகால். கல்லூரி முதல்வர் அம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். உங்கள் சிபாரிசில் கிடைத்த வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். ஆறாவது மாதம் இன்றோடு முடிகிறது.

இன்று பத்து மணிக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் தேர்வு. அரங்கத்தில் வைஃபை பெட்டிகள் மூன்று: வாசலில், நடுச்சுவரில், மேடையருகே. போன வார ஒத்திகையில் லேப்டாப்கள் எல்லாம் நுழைந்ததும் முதலில் கிடைத்த வாசல் பெட்டியையே பிடித்துத் தொங்கின. அதில் எழுபத்தொன்று, மேடைப் பெட்டியில் நாலே நாலு. வாசல் பெட்டி மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பரீட்சை நேரத்துல ஒரு பிள்ளை நெட் வரலன்னு கை தூக்கினாலும் நீங்க வேற இடம் பாத்துக்கலாம்" என்றார். நான் சும்மா இருப்பேனா? பெட்டிக்கு முப்பது என்று வரம்பு வைத்தேன். முப்பத்தொன்றாவதை வாசல் பெட்டி சேர்க்காது. அது நடுப்பெட்டிக்குப் போகும், அங்கும் நிரம்பினால் மேடைக்கு. மூன்று முப்பது தொண்ணூறு. கணக்கைப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு இருபத்தாறு கைகள் உயர்ந்தன, அத்தான். போனை அணைத்துப் பையில் போட்டு, பையை வாசலில் வைக்க வேண்டும் என்பது விதி. பையை வைத்தார்கள், போனைப் போட்டார்கள், அணைக்க மட்டும் மறந்தார்கள். பைக்குள் படுத்தபடியே போன்கள் லேப்டாப்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. வரம்பைக் கூட்டலாம் என்று என் லேப்டாப்பைத் திறந்தால், அதற்கும் இடமில்லை. நான் வைத்த வரம்பு என்னையே வெளியே நிறுத்திவிட்டது. சர்வர் அறைக்குப் போய்க் கேபிளில் நுழையலாம், ஆனால் சாவி அம்மாவிடம். கேட்டால் ஏன் என்பார். ஊரார் பிள்ளைகளின் பையைத் திறக்கவும் கை வரவில்லை. வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு, பைகளைப் பின்பக்க வண்டி நிறுத்தத்துக்குத் தூக்கச் சொன்னேன்.

"எதுக்கு சார்?"

"பை வெளிய போனாதான் பிள்ளைங்க உள்ள போவாங்க."

"அவங்க உள்ளதானே உக்காந்திருக்காங்க?"

விளக்க நேரமில்லை. கழுத்தில் நாலு, கைகளில் ஆறு என்று ஓடினேன். ஒவ்வொரு நடைக்கும் உள்ளே சில கைகள் இறங்கின. கடைசி நடையில் எதிரே அம்மா. என் கழுத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு ரூமுக்கு வாங்க." பத்துக்குத் தேர்வு தொடங்கியது, எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் இருபத்தாறு கைகளை அவர் பார்த்துவிட்டாரே.

பிறகு வாசல் பெட்டியின் பட்டியலை அச்செடுத்தேன். எட்டு இருபதுக்கே ஒரு போன் முதல் இடத்தைப் பிடித்திருக்கிறது. எந்தப் பொறுப்பில்லாத ஜென்மமோ! பட்டியல் கையில் இருக்கிறது, காட்டத்தான் போகிறேன். இருந்தாலும் பயமாக இருக்கிறது, அத்தான். ஐம்பத்திரண்டு வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள்? எங்காவது சொல்லி வையுங்கள். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் பத்து நிமிடத்துக்குக் கல்லூரியின் நெட்வொர்க் பொறுப்பாளரும், என்றும் உங்கள் மைத்துனனும்.

பி.கு.: யாரிடமும் வேலைக்குச் சொல்ல வேண்டாம். 'பொறுப்பில்லாத ஜென்மம்' என்ற இடத்தை உடனே அடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு உள்ளே போனதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைங்களுக்கு முன்மாதிரியா இருக்கட்டும்னு காலைல என் பையையும் வாசல்லதான் வச்சேன். கறுப்புப் பை. பாத்தீங்களா?" என் கழுத்தில் தொங்கிய பை. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதிலிருந்து சர்வர் அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்து போன், இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. என் பட்டியலின் முதல் வரியைப் படித்துவிட்டு, "எட்டு இருபதுக்கு நான் மட்டுந்தான் வந்திருந்தேன்" என்று மெதுவாகச் சொல்லி, போனை அணைத்தார். பட்டியலை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, "அடுத்த மாசப் பரீட்சைக்கு நாப்பதுன்னு வைங்க" என்றார்.

அடுத்த மாசம் என்றார், அத்தான்.