இரண்டு வீட்டுக்கான ஓடு

சமையல்காரக் குடும்பத்திடம் கூரைக்கு எஸ்டிமேட் போடச் சொல்லக் கூடாது. யாராவது இதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுவது எங்கள் தொழில். அத்தாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பயம், பந்தியில் சோறு பத்தாமல் போவதுதான். வீட்டுக்காரர் ஆள் கணக்கு சொன்னால் அத்தா அதில் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். அம்மா அரிசி அளக்கும்போது அவள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுவாள். உலையில் போடும்போது நான் இன்னும் இரண்டு கை போடுவேன். ஒருவர் கூட்டியதை இன்னொருவரிடம் சொல்லும் வழக்கம் கிடையாது. மிஞ்சினால் தெருவுக்குக் கொடுத்துவிடலாம். மிஞ்சின பிரியாணியால் எங்கள் தெருவில் யாரும் பகையானதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் தங்கச்சி சபீனாவுக்கு வடமதுரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. (வாய் திறந்து சொல்லவில்லை. போனுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டாள், தூங்கினாள்.) சிக்கலெல்லாம் பையனின் அம்மாதான். ஒரு வீட்டில் டீ ஆறிப்போயிருந்தது என்றும், இன்னொரு வீட்டில் பாத்ரூம் கதவு மூடவில்லை என்றும் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து வந்தவர் என்று கேள்வி. எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார இருந்தது பின்பக்கத்து ஓட்டுக் கூடம் ஒன்றுதான். மழை வந்தால் அதற்குள் குடை பிடித்து நிற்க வேண்டும். நிச்சயத்துக்குள் பழைய ஓட்டைப் பிரித்துப் புது ஓடு போட்டாக வேண்டும். இல்லையென்றால் சபீனாவின் சம்பந்தமும் ஆறிப்போன டீ வரிசையில் சேர்ந்துவிடும்.

"ஏலே, நீதான பி.காம் படிச்சவன். ஓடு எம்புட்டு வேணும், செலவு எம்புட்டு ஆகும்னு நீயே கணக்கப் போடு" என்றார் அத்தா. (பி.காமில் கூரை பற்றிப் பாடமே கிடையாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.)

செல்போனில் இரண்டு வீடியோ பார்த்தேன். ஏணியும் டேப்புமாக அரை நாள் கூரையில் திரிந்தேன். சாய்ந்த கூரையைத் தரையில் நின்று அளக்கக் கூடாது, சரிவின் மேலேயே டேப்பை வைத்து அளக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதை நானே கண்டுபிடித்த மாதிரி வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். உடைசலுக்கும் கொஞ்சம் சேர்த்து அத்தாவிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். செலவுக் கணக்கில் ஏற்று கூலி, இறக்கு கூலி, கூரை வேலைக்குப் பேசியிருந்த ஆசாரியின் ஆட்களுக்கு வடை வரைக்கும் எழுதியிருந்தேன். இப்போது நினைத்தாலும் வடைக் கணக்கு மட்டும் சரியாகத்தான் இருந்தது.

அத்தா அதை அப்படியே ஆசாரியிடம் சொல்லவில்லை. உடைசலுக்கு என்று அவர் ஒரு பங்கு சேர்த்துச் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஆசாரியிடம் அம்மா, "இவுங்க பேச்சக் கேக்காதீங்க, பத்தலைன்னா மானம் போயிரும், கூடக் கொஞ்சம் சொல்லிருங்க" என்றாள். ஆசாரியோ எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பழகியவர். ஓட்டுக்கடைக்குப் போன் செய்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் பங்கையும் சேர்த்துவிட்டார்.

ஓட்டுக்கடை இருந்தது கேரளாவில். அதுவும் என் யோசனைதான். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரிகள் திரும்பும்போது சும்மாதானே வருகின்றன, அதில் ஓட்டை ஏற்றினால் வாடகை பாதி மிச்சம் என்று கண்டுபிடித்திருந்தேன். அத்தா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

லாரி வந்தது. ஒட்டன்சத்திரத்து டிரைவர் இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்தார், பிறகு தன் லாரியைப் பார்த்தார். "ஏனுங்க, இது வீட்டுக்குங்களா, பள்ளிக்கூடத்துக்குங்களா?" என்று கேட்டார்.

சந்தின் ஒரு பக்கம் முழுக்க ஓட்டை அடுக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை அடுத்த தெருவில் நிறுத்தத் தொடங்கினார். ஆசாரியோடு சேர்த்து நாங்கள் நால்வரும் யார் யார் எவ்வளவு கூட்டினோம் என்று அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கூரையின் இரண்டு சரிவிலும் ஓடு ஏறி முடிந்த பிறகும் சந்தில் இன்னொரு வீட்டுக்கான ஓடு மிச்சம் இருந்தது. அப்போது கூரை மேலிருந்து ஆசாரி கேட்டார்.

"தம்பி, முகட்டு ஓடு எங்கப்பா?"

"அப்படின்னா?"

இரண்டு சரிவும் உச்சியில் சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். அதை மூட வளைந்த ஓடு ஒன்று உண்டு, அதைத் தனியாகச் சொல்லித்தான் வாங்க வேண்டும். வீடியோவில் அது மூன்றாம் பாகத்தில் வந்ததாம். நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன்.

"நீங்க சொல்லக் கூடாதா ஆசாரி?"

"அம்புட்டையும் கணக்குப் போட்ட தம்பி இதப் போடாமயா இருக்கும்னு இருந்துட்டேன்."

இந்த அச்சுக்குப் பொருந்தும் முகட்டு ஓடு உள்ளூரில் கிடைக்கவில்லை. அடுத்த லாரியில் அனுப்புவதாகக் கேரளாவில் சொன்னார்கள். அடுத்த லாரி நிச்சயத்துக்குப் பிறகுதான். வேறு வழியில்லாமல், எங்கள் சமையலுக்கு வைத்திருந்த பெரிய தார்ப்பாயை உச்சியில் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. திண்டுக்கல்லில் மழை அப்படி நினைத்தவுடன் வந்துவிடுகிறதா என்ன?

நிச்சயத்தன்று வந்தது.

கூடத்தின் நடுவில் நெடுக ஒரு திரை கட்டி, இந்தப் பக்கம் ஆண்களும் அந்தப் பக்கம் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அம்மா, ஆண்கள் பேசுவது காதில் விழட்டும் என்று திரையை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். கொல்லையில் நானும் அத்தாவும் எடுபிடி ஆட்களுமாகப் பிரியாணி தேக்சாவைத் தம்மில் போட்டு மூடியிருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது, உடனே வலுத்தது.

"ஏலே, தேக்சா நனையுது, தார்ப்பாய எட்றா" என்றார் அத்தா.

நான் யோசிக்கவே இல்லை. ஏணியில் ஏறினேன், கயிற்றை அவிழ்த்தேன், உச்சியிலிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து அடுப்புக்கு மேல் நாலு பேராகப் பிடித்தோம். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அத்தா என்னைப் பெருமையோடு பார்த்தார். நானும் என்னைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அம்மா வந்து நின்றாள். "வீட்டுக்குள்ள மழை பெய்யுதுலே" என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். உச்சிப் பிளவு வழியாகத் தண்ணீர் நேராகத் திரையின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. திரை நனைந்து ஜமுக்காளத்தில் விழுந்து கிடந்தது. பையனின் அம்மா பேரீச்சம்பழத் தட்டைக் கையில் பிடித்தபடி, தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். அறை வாசலில் சபீனா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது பஸ் ஏறிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"தம்பி, மேல என்னத்தையோ உருவுன சத்தம் கேட்டுச்சே?" என்றார் பையனின் அம்மா.

"தார்ப்பாய்ம்மா. தம் போட்டிருந்தோம். அது நனைஞ்சிரும்னு..."

அவர் உச்சிப் பிளவை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"சோறு நனைஞ்சிருச்சா?"

"இல்லம்மா. ஒரு சொட்டு விழல."

அவர் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முந்தானையைப் பிழிந்தார். "அப்பச் சரி. மனுசங்க செத்த நேரத்துல காஞ்சுக்குவோம். தம் கெட்டுச்சுன்னா என்னத்தச் செய்யிறது?" என்றார். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து, ஒரு துண்டு கேட்டார்.

துஆ ஓதி நிச்சயம் முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். புறப்படும்போது அவர் சந்தில் நின்று, ஓட்டு அடுக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"இது எதுக்கு இம்புட்டு?"

"கூடக் கொஞ்சம் இருக்கட்டும்னு..." என்று அத்தா இழுத்தார்.

"எங்க வீட்டுக் கூரையும் பிரிக்கிற நெலைமைலதான் இருக்கு. பொண்ணோட இத அனுப்பி வைங்க. வேற சீரு ஒண்ணும் வேணாம்."

அப்படியே நடந்தது. எங்கள் சொந்தத்தில் ஓட்டோடு புகுந்த வீட்டுக்குப் போன பெண் சபீனா ஒருத்திதான். கட்டில், பீரோ, பாத்திரம் எதுவும் போகவில்லை. ஓடு மட்டும் இரண்டு நடையாகப் போனது. (முகட்டு ஓட்டை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

மற்ற பெண்களெல்லாம் புருசனோடு சண்டை வந்தால் பெட்டியை எடுப்பார்கள். என் தங்கச்சி முற்றத்துக்கு வந்து கூரையைக் காட்டுகிறாளாம். "என் ஓடெல்லாத்தையும் எறக்கிக் குடுங்க, நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்பாளாம்.

மாப்பிள்ளை ஏணியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுச் சொல்வாராம்: "தாராளமா எறக்கித் தாரேன். எம்புட்டு வருதுன்னு கணக்குப் போட உங்கண்ணன வரச் சொல்லு."

அதற்கு மேல் எந்தச் சண்டையும் நீண்டதாக இதுவரை தகவல் இல்லை.